உப்பு மூட்டையோடு வந்த பட்டை

எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் பெண்ணுக்கு எடுக்கும் சேலைக்கு முன்னால் பூவாடைக்காரிக்குச் சேலை எடுத்தாக வேண்டும். இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான். குடும்பத்தில் பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த சுமங்கலி ஒருத்தி இருப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நல்ல நாளில் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து, குடத்துக்குப் பூச்சுற்றி, அதை அவளாகவே நினைத்து, எதிரில் இலை போட்டு, புதுச்சேலை, வளையல், மஞ்சள், குங்குமம் எல்லாம் வைத்துப் படைப்போம். அவள் மனசு குளிர்ந்தால்தான் பெண் போன இடத்தில் நன்றாக இருப்பாள். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி என் அப்பாவுக்கு ஆயா, அதாவது அப்பாவைப் பெற்றவரின் தாய்.

குடத்தைச் சுமப்பதும் சேலையை எடுத்து இலைமுன் வைப்பதும் சுமங்கலிகள்தான். புருஷனைப் பறிகொடுத்தவள் கூடத்து நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். யார் போட்ட சட்டமோ, அவன் கையில் கிடைத்தால் என் தையல் கடையில் காஜா எடுக்கிற ஊசியாலேயே குத்துவேன்.

போன வருஷம் என் தம்பி மகளுக்கு வரன் கூடிவந்தது. தம்பி மாரடைப்பில் போய் வருஷம் திரும்பியிருந்தது. அவள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பத்திரிகை எழுத உட்கார்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"எனக்கு வெக்கிற பூவாடச் சேலைய எங்கம்மாதான் எடுத்து வெக்கணும். இல்லாங்காட்டி பூவாடயும் வாணாம், கல்யாணமும் வாணாம்."

கூடத்தில் இருந்த எல்லார் கண்ணும் நிலைப்படிக்குப் போயிற்று. அங்கேதான் அத்தை உட்கார்ந்திருந்தாள். அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் போன கொஞ்ச காலத்திலேயே மாமா பாம்பு கடித்துச் செத்துப்போக, மானாம்பதிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அப்பா போன பிறகு வீட்டுக்கு அவள்தான் பெரிய தலை. எங்கள் வீட்டில் நடந்த எல்லாப் பூவாடையையும் அந்த நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்தபடியேதான் அவள் நடத்தியிருக்கிறாள். வெற்றிலையைத் திருப்பி வை, குடத்துக்கு இன்னொரு முழம் சுற்று, தேங்காயைக் கிழக்கே வை என்று வாய் மட்டும் உள்ளே வரும், கால் வராது.

அத்தை கத்தவில்லை. பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, சாமிக்கு ஆகாததைச் செய்து நாளைக்கு உனக்கு ஒன்று என்றால் அந்தப் பழியை உங்கம்மாதான் சுமப்பாள், ஊர் அவளைத்தான் பேசும் என்றாள். அவள் பயந்து சொன்னாள், பொல்லாத்தனமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. பெண்ணோ அசையவில்லை. என் தம்பி பெண்டாட்டி உள்ளே அடுப்படியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். விளக்கின பாத்திரத்தையே திரும்பத் திரும்ப விளக்கினாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றதும், "எனக்கு ஒண்ணும் வாணாம் அண்ணி, அது நல்லா இருந்தா போதும்" என்றாள். அப்படிச் சொல்கிறவளுக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பெண்ணை வளர்த்த கை அது.

அவள் வைக்கக்கூடாது என்றால் வைக்க வேண்டியவள் நான்தான். என் வீட்டுக்காரர் கல்லு மாதிரி இருக்கிறார்.

பூவாடைக்காரிக்கு ஒரு தகரப்பெட்டி உண்டு. சேலை ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதிதாக வரும், போகும். பெட்டியில் நிலையாக இருப்பது ஒரு கைக்கண்ணாடி, ஒரு மரச்சீப்பு, அப்புறம் ஒரு பழைய துணிப்பட்டை. நாலு விரல் அகலத்துக்கு மேல் இருக்கும், தடித்தது, இரண்டு முனையிலும் கயிறு கோத்த வளையம். படையலில் அதற்கும் மஞ்சள் குங்குமம் வைப்போம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஆயாவின் இடுப்புப்பட்டை என்று ஒருத்தர் சொல்வார், தூளி கட்டின பட்டை என்று இன்னொருத்தர் சொல்வார்.

அந்தத் தடவை பெட்டியைத் திறந்தால் கரையான் ஏறியிருந்தது. பட்டையின் ஓரத்தை அரித்துவிட்டிருந்தது. உத்திரமேரூர் பஜாரில் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருப்பவள் நான் என்பதால், கொஞ்சம் தைத்துக் கொடு என்று அத்தை என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

கடையில் உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. உள்ளே இருந்தது சேலைத் துணியே இல்லை, படகுப் பாய்க்குப் போடுகிற மாதிரி முரட்டுத்துணி. அதை அடுக்கடுக்காக மடித்து, குறுக்கும் நெடுக்குமாகக் கையால் தைத்திருந்தார்கள். அந்தத் தையலுக்கு முன்னால் என் மிஷினை நான் மூட்டைகட்டிவிடலாம். நூல் ஓர் இடத்திலும் விடவில்லை. இடுப்பில் கட்டின துணி சுற்றளவு முழுக்கத் தேயும், தூளி கட்டினது நடுவில் தேயும். இது ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு கை அளவுக்கு, குழிந்து வழவழவென்று ஆகியிருந்தது. மடிப்புக்குள் வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு.

உப்பென்றதும் எனக்கு அவர் ஞாபகம் வந்தது. ஆயாவின் புருஷன், என் அப்பாவுக்குத் தாத்தா. எங்கள் வீட்டில் அவர் பேச்சை எடுத்தாலே பெரியவர்கள் தொண்டையைச் செருமுவார்கள். ஏரி வறண்டு நிலம் வெடித்துக் கிடந்த ஒரு பஞ்சத்தில், உப்பு வண்டியோடு மரக்காணம் பக்கம் போனவர் அங்கே கால்வாயில் ஓடும் உப்புப் படகில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பக்கிங்காம் கால்வாயில் மெட்ராஸுக்கு உப்பும் விறகும் ஏற்றிப் போன படகுகள். முதல் இரண்டொரு வருஷம் அறுவடைக்கு வந்து போனவர், அப்புறம் வரவேயில்லை. ஆனால் வருஷா வருஷம் வண்டியில் ஒரு மூட்டை உப்பு மட்டும் அவர் பேரைச் சொல்லி வீட்டுக்கு வரும். அங்கே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, பாவத்துக்கு இங்கே உப்பு அனுப்புகிறார் என்று ஊரே பேசிற்று. ஆயா மட்டும் பேசவில்லை. உப்பு வருகிறது, ஆள் இருக்கிறார், வருவார் என்றே பூவும் பொட்டுமாகக் காத்திருந்து, அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

உப்பு வண்டியை அத்தையே சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். வண்டிக்காரனுக்கு ஆயா சோறு போட்டு, எதிரில் உட்கார்ந்து, "எப்ப வராராம்?" என்று கேட்பாளாம். அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போவானாம். அவனும் அந்த ஆளோடு கூட்டு, அதான் முகத்தைப் பார்க்கவில்லை என்பாள் அத்தை.

படகுத்துணி, உப்பு, இந்தத் தையல் எல்லாம் பார்த்தால் இது அவருடைய பட்டை என்று தோன்றிற்று, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வேலைக்கான பட்டையை இவ்வளவு பாடுபட்டுத் தைத்துக்கொண்ட மனுஷன், ஊர் சொல்கிற மாதிரி ஆளாக இருப்பானா? ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரைக் கிளப்பினேன். அவர் எலக்ட்ரீஷியன். செத்துப்போனவரைத் தேடிப் பெட்ரோல் போடுகிற முதல் ஆள் தாமாகத்தான் இருக்கும் என்று முனகிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

மதுராந்தகம், செய்யூர் வழியாகக் கடற்கரைச் சாலைக்குப் போனோம். கால்வாயைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சில இடத்தில் தண்ணீர் நின்றது, சில இடத்தில் சேறு, இரு கரையிலும் வேலிகாத்தான் முள். இதிலா படகு ஓடிற்று என்று கேட்டால் பாலத்தருகில் டீக்கடைக்காரரும் அதையேதான் கேட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பார்த்தவரையெல்லாம் விசாரித்தேன். கடைசியில் மீன் வாங்க வந்த ஒருத்தர், கடப்பாக்கம் பக்கத்தில் சவுக்கு விறகுக் கடை வைத்திருக்கும் அம்மா வீட்டில்தான் அந்தக் காலத்தில் படகு ஓட்டினார்கள், போய்க் கேளுங்கள் என்றார்.

அந்த அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். சவுக்குக்கழி மலைபோல அடுக்கியிருந்த நிழலில் நின்று, போனில் ஒரு லாரி டிரைவரை வறுத்துக்கொண்டிருந்தார். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. நான் மஞ்சப்பையிலிருந்து பட்டையை எடுத்ததும் போனில் பேச்சு பாதியிலேயே நின்றது. கட் பண்ணிவிட்டு, காலிலிருந்த செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். அப்புறம்தான் பட்டையைத் தொட்டார்.

"இது எந்த வூட்ல இருந்திச்சி?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் மேலே எதுவும் கேட்காமல் பட்டையை எடுத்துத் தன் இடது தோள்மேல் போட்டு, மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, முனைகளைப் பின்னால் சேர்த்து என் கையில் கொடுத்தார். பிடித்துக்கொள்ளச் சொல்லி, உடம்பை முன்னால் சாய்த்து நின்று காட்டினார். வழவழவென்று குழிந்திருந்த இடம் தோள்மேல் சரியாக உட்கார்ந்தது. காற்று சாதகமாக இருந்தால் பாய் விரித்துப் போவார்கள். எதிர்க்காற்று என்றால் ஆட்கள் கரையில் இறங்கி, இந்தப் பட்டையை மாட்டிக்கொண்டு, உப்பு ஏற்றின படகைக் கயிற்றால் இழுத்துக்கொண்டே நடப்பார்கள். மரக்காணத்திலிருந்து மெட்ராஸ் வரைக்கும் அப்படி நடந்தவர்கள் உண்டு என்றார். சேற்றில் கால் புதையும், கிளிஞ்சல் கிழிக்கும். ஆறு கடலில் விழுகிற இடத்தில் கரையே இருக்காது. அங்கே படகில் ஏறி மூங்கில் கழியை ஊன்றித் தள்ள வேண்டும், அக்கரை போனதும் மறுபடி பட்டை.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நானும் மாட்டிப் பார்த்தேன். கயிற்று முனையை என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். மூச்சைப் பிடித்து இழுத்தேன், அவர் ஓர் அங்குலம் நகரவில்லை. நான் ஆக்கிப் போட்ட சோறு அப்படி. இவரையே இழுக்க முடியாத எனக்கு, ஒரு படகு உப்பை இழுத்த அந்த ஆட்களை நினைத்து உடம்பு சிலிர்த்தது. ஆள் ஆளாக அளவெடுத்துப் பிழைக்கிறவள் நான். அந்தக் குழியில் விரல்களை வைத்துப் பார்த்தேன். அகலமான தோள், ஆனால் ஒட்டின உடம்பு, இடது பக்கம் கொஞ்சம் சரிந்தவர். ஒரு போட்டோகூட இல்லாத மனுஷனை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு அழுகையாக வந்தது, அழுதேன்.

அந்த அம்மா ஸ்டூல் எடுத்துப் போட்டு, மோர் கொடுத்து உட்காரவைத்தார். அவருடைய தாத்தாதான் ஒரு படகை நடத்தியவர்.

"இத்த யாரும் விக்க மாட்டாங்க, கடனும் குடுக்க மாட்டாங்க. படகுல ஒரு ஆளு போய்ட்டா, அவன் பட்டைய மூட்ட உப்பு மேல கட்டி அவன் வூட்டுக்கு அனுப்புவாங்க. அதான் சேதி. தண்ணில பொழைக்கிறவங்க செத்தான்ற வார்த்தய வாய்ல எடுக்க மாட்டாங்க."

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். அதற்கப்புறமும் வருஷா வருஷம் உப்பு வந்ததே என்று கேட்டேன். கூட்டாளி செத்தால் அவன் வீட்டு உப்புப்பானை காலியாகக் கூடாது, பிள்ளைகள் தலையெடுக்கிற வரைக்கும் மற்றவர்கள் அனுப்ப வேண்டும், அது படகுக்காரர்கள் வழக்கம் என்றார். பிறகு அவரே தொடர்ந்தார்.

"உத்தரமேரூர் பக்கம் ஒரு வூட்டுக்கு மட்டும் நிறுத்தவே இல்லைன்னு எங்க தாத்தா சொல்லிக்கினே இருப்பாரு. அந்தம்மாக்கு சேதி புரியல. வண்டிக்காரனுக்கு சோறு போட்டு, எப்ப வராருன்னு கேக்குமாம். அவன் இங்க வந்து அழுவானாம், நான் எப்டி சொல்றதுன்னு. சரி, அந்தம்மா இருக்கிற வரைக்கும் உப்பு போவட்டும்னு இவங்களே முடிவு பண்ணிட்டாங்க."

எங்கள் ஆயாவுக்கு எப்படிப் புரியும்? அவள் ஏர் பிடிக்கிற வீட்டுப் பெண். வெளியூரில் கூலி உழவுக்குப் போகிற ஆள் வேலை முடிந்ததும் கலப்பையை முதலில் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கணக்குத் தீர்த்து, பின்னாலேயே நடந்து வருவான். கலப்பை வீடு வந்தால் ஆள் வருகிறான் என்று உலை வைப்பது எங்கள் பழக்கம். அவர் தோளில் கிடந்த பட்டை வீட்டுக்கு வந்ததும், அவள் உலை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஊரில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அவர் எப்படிப் போனார் என்று கேட்டேன். பாலாற்று முகத்துவாரத்தில் படகைத் தள்ளிக்கொண்டிருந்தபோது திடீர் வெள்ளத்தில் போனார், கால்வாய்க் கரையிலேயே புதைத்தார்கள், இடம் தெரியாது என்றார். பாலாறு எங்களைத் தாண்டித்தான் அங்கே போகிறது. எங்கள் ஊர்ப் பக்கத்துத் தண்ணீர்தான் அவரைக் கொண்டுபோயிருக்கிறது. அங்கே வேறு பெண்டாட்டி இருந்தாளா என்றும் வாய் கூசாமல் கேட்டுவிட்டேன். அந்த அம்மா சிரித்தார். வருஷம் பாதி இழுப்பும் மீதி சுமையுமாகக் கிடந்தவனுக்கு உட்கார்ந்து சோறு தின்னவே நேரம் கிடையாது, இதில் இன்னொரு குடித்தனமா என்றார்.

கிளம்பும்போது வெறுங்கையாகப் போகக்கூடாது என்று உள்ளே போய் ஒரு பையில் கல்லுப்பு கட்டிக்கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. எனக்கும் உறைத்தது.  ஆயா போனதோடு நின்ற உப்பு மறுபடி எங்கள் வீட்டுக்குக் கிளம்பிற்று. முன்பின் பார்க்காத ஒரு பெண்பிள்ளைக்காக, ஒரு பொய்யைக்கூட வாயால் சொல்லாமல், அத்தனை வருஷம் உப்புச் சுமந்தனுப்பிய அந்த ஆட்களை எந்தச் சாமிக்கு அடுத்து வைப்பது?

திரும்புகிற வழியில் என் வீட்டுக்காரர் தெளிவாகச் சொன்னார். இதை வீட்டில் மூச்சு விடாதே. அவர் முன்னாலேயே போய்விட்டார் என்றால் உங்கள் ஆயா சுமங்கலி இல்லை. சுமங்கலி இல்லை என்றால் பூவாடைக்காரி இல்லை. கல்யாணத்தை வைத்துக்கொண்டு குலசாமியைக் கவிழ்க்காதே என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சொல்லாவிட்டால் என் தம்பி பெண்டாட்டி அந்த நிலைப்படிக்கு வெளியே நிற்பாள், அல்லது அந்தப் பெண் பிடிவாதத்தில் கல்யாணம் நிற்கும். செய்யூர் தாண்டுவதற்குள் என் மனசு முடிவு பண்ணிவிட்டது. அத்தையிடம் மட்டும் சொல்வது.

மறுநாள் காலையில் உப்புப் பையையும் தைத்த பட்டையையும் அவள் முன்னால் வைத்துச் சொன்னேன். முழுதும் கேட்டாள். வண்டிக்காரன் அழுத இடம் வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்ததும், "அப்போ அவரு வேற யாரையும் கட்டிக்கல" என்றாள். கட்டவில்லை என்றேன். பிறகு என்ன நினைத்தாளோ, முகம் மாறிப்போயிற்று.

"கல்யாண வூட்ல வந்து சாமிக்கே தாலிய அறுத்துட்டு நிக்கிறியேடி" என்றாள்.

அன்றோடு என்னிடம் பேச்சு நின்றது. காஞ்சிபுரத்தில் பூவாடைச் சேலை எடுக்க நெசவுக்காரர் வீட்டுக்குப் போனோம், அங்கேயும் அப்படியே. மாமா போனதிலிருந்து கல்யாணப் பட்டுச்சேலையை அத்தை கையால் தொடமாட்டாள். கடையில் விரித்துப் போட்டால்கூட இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து, கண்ணாலேயே எடுப்பாள். எங்கள் வீட்டுப் பெண்கள் கட்டின நல்ல சேலையெல்லாம் அவள் கண் எடுத்ததுதான். அன்றைக்கும் தறிக்காரர் அரக்கில் பச்சைக்கரை ஒன்றை விரித்ததும், என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம், "மாப்ள, அந்தச் சேலைய எடுக்கச் சொல்லு உம் பொண்டாட்டிய" என்றாள். நான் எடுத்து அவள் பக்கம் நீட்டினேன். கையை இன்னும் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

படையல் நாள் வந்தது. திருப்புலிவனத்திலிருந்து பெரியப்பா மகன் குடும்பம், அக்கம்பக்கம் என்று கூடம் நிறைந்திருந்தது. மணப்பெண் ஒரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா அழுது கெஞ்சியதால் அந்த மட்டுக்காவது வந்திருந்தாள். கிணற்றடியிலிருந்து குடத்தை நான்தான் சுமந்து வந்தேன். நிலைப்படிக்கு வெளியே அத்தையும், அவளுக்குப் பின்னால் சுவரை ஒட்டி என் தம்பி பெண்டாட்டியும். குடத்துக்குப் பூச்சுற்றினோம், இலை போட்டோம். தாம்பாளத்தில் இருந்த சேலையைத் தூக்க நான் குனிந்தேன்.

"நில்லு" என்றாள் அத்தை.

எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். யாரோ "அத்த" என்று தடுக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து அடங்கிப்போனார்கள். குடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு இலை போடச் சொன்னாள். பெரியப்பா மகன், அது யாருக்கு என்று கேட்டார்.

"எங்க தாத்தாவுக்கு. அவரு செத்துப் பூட்டாரு. எப்பவோ பூட்டாரு. ஒருத்தரும் ஒரு எல போடல அவருக்கு."

அவள் இடுப்பில் செருகியிருந்த ஒரு சின்ன முடிச்சை அவிழ்த்தாள். நான் கொண்டுவந்து கொடுத்த கல்லுப்பு. ஒரு கை அள்ளி அந்த இலையின் ஓரத்தில் வைத்தாள். பட்டையை எடுத்து இலைக்கு மேலே, தோளுக்குப் போடுகிற மாதிரி வளைத்து வைத்தாள். பிறகு கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயத்தைச் சொன்னாள். நான் சொன்னதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். ஊர் பேசினது பொய் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். சொல்லிவிட்டுக் குடத்தைக் காட்டினாள்.

"இது தாலி அறுத்தவதான். அறுத்தவன்னு அதுக்கே தெரியாது. இது முன்னால நின்னுதான் இந்த வூட்டுப் பொண்ணுங்க எல்லாம் கட்டிக்கினு போச்சிங்க. எது கெட்டுப்போச்சி, சொல்லுங்க பாக்கலாம்."

 பெரியப்பா மகன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தை வெளியே திரும்பி, சுவரோடு ஒட்டி நின்றவளைப் பார்த்தாள்.

"வா. உம் பொண்ணுக்கு நீயே வெய்."

அவள் வரவில்லை. கால் வரவில்லை அவளுக்கு. மணப்பெண்தான் ஓடிப்போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். என் தம்பி பெண்டாட்டி தாம்பாளத்திலிருந்து சேலையை எடுத்தாள், கீழே போட்டுவிடுவாளோ என்று நான் ஒரு கை கொடுக்கப் போனேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டாள். பெண்ணைப் பெற்றவளே வைத்தாள், குடத்துக்கு எதிரில், மடிப்புக் கலையாமல். வைத்துவிட்டு எழுந்திருக்காமல் அப்படியே தலையைக் குனிந்து அழுதாள். பெண்ணும் அழுதாள், நானும்தான்.

கற்பூரம் காட்டி முடிந்தது. எல்லாரும் பந்திக்கு நகர்ந்தார்கள். அத்தை மட்டும் இலைமுன் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிடப் போனேன். அந்த ஒரு 'நில்லு'வை விட்டால், பேச்சு நின்ற நாளுக்கப்புறம் அவள் முதல்முதலாக என்னைப் பார்த்துப் பேசினாள். குரல் சின்னதாக இருந்தது.

"அப்ப நான் எதுக்குடி இத்தினி வருசம் அங்க குந்திக்கினு இருந்தேன்?"

 பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மடியில் கோத்திருந்த கையைப் பிரித்து, கொஞ்சம் தயங்கி, அந்த அரக்குச் சேலையின் கரையை விரல்களுக்கு நடுவில் எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

"நல்ல சேலையாத்தான் எடுத்துக்கீறேன்" என்றாள்.